துடுப்புக்குத் தெரிந்த கணக்கு

1980-களில், பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர்த் தெருவில் பொழுது சாயும் நேரத்தில் நடந்தால், எந்த வீட்டில் களி எந்தப் பதத்தில் இருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடலாம். முதலில் உலை கொதிக்கும் சத்தம். மாவு விழுந்ததும் அது அடங்கிப்போய், 'பொளக், பொளக்' என்று பெரிய குமிழ்கள் மெதுவாக உடையும். அப்புறம் துடுப்பு பானையின் வயிற்றில் மோதும் சத்தம். கடைசியில் அதுவும் நின்று, கிண்டுகிறவரின் மூச்சு மட்டும் கேட்கும். மூச்சு கேட்டால் களி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அம்மா களி செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். உலையில் ஒரு கை நொய் போட்டு, அது வெந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவார். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது கேவுரு மாவு. கொட்டியதும் கிண்ட மாட்டார். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி குத்திவிட்டு விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பார். அந்தக் குழி வழியாகக் கஞ்சி கொதித்து மேலே வந்து மாவை ஓரத்திலிருந்து நனைத்துக்கொண்டே போகும். நான் துடுப்பை எடுத்தால் தடுப்பார். "அவசரப்படாத கண்ணு, கட்டி தட்டிக்கும்." பிறகு ஒரு சொம்புக் கஞ்சியைத் தனியே மொண்டு வைத்துவிட்டு, பானையை இறக்கி, பழந்துணி சுற்றிய இரண்டு பாதங்களால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டத் தொடங்குவார். இறுகினால் மொண்டு வைத்த கஞ்சியில் கொஞ்சம் விடுவார். எவ்வளவு விட வேண்டும் என்பது துடுப்பைப் பிடித்த வலது கைக்குத்தான் தெரியும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் பதம் சரி.

அதே மாவுதான், தண்ணீர் கூடினால் கூழ். அதே மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் காட்டுக்குக் கொண்டுபோகும் கூழ். தானியத்தை ஊற வைத்து அரைத்து வெள்ளைத் துணியில் பிழிந்தால் கைக்குழந்தைக்கான கேழ்வரகுப் பால். அது சங்கில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறுகினால் குழந்தைக்குப் புரையேறும், நீர்த்துப்போனால் பசி அடங்காது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அளவுக் கோப்பை கிடையாது, கடிகாரமும் கிடையாது.

நான் பின்னாளில் இயற்பியல் படித்து, மாவட்டத்துப் பள்ளிகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். பாகுநிலை என்று ஒரு பாடம் வரும். ஆய்வகத்தில் உயரமான கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெயை ஊற்றி, சின்னக் குண்டை மேலிருந்து விட்டு, அது இரண்டு கோடுகளுக்கு நடுவே இறங்கும் நேரத்தைப் பிள்ளைகள் குறிப்பார்கள். ஸ்டோக்ஸ் முறை. எண்ணெய்க்கு அது அழகாக வரும். ஒரு வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், கூழுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாமா?" போட்டுப் பார்த்தோம். குண்டு பாதியில் நின்றுவிட்டது. சூத்திரத்தின்படி அது மெதுவாகவாவது இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்கு அவளுக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. "அது வேற மாதிரி திரவம்மா" என்று சொல்லி முடித்துவிட்டேன். அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. எந்த மாதிரி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

கேழ்வரகு மாவு பெரும்பாலும் மாவுச்சத்து மணிகளால் ஆனது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால், கொஞ்சம் முன்பின், ஒரு பங்கு அகலம்தான் ஒரு மணி. பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அவை கெட்டியான மணல்துகள் போலத் தனித்தனியே மிதக்கும், விட்டால் அடியில் படியும். 65 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது மணிகள் தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு உப்பத் தொடங்குகின்றன. உப்பும்போதே மென்மையாகின்றன. தண்ணீர் வெளியே போகவில்லை, மணிகளுக்குள் போய்விட்டது. மணிகளுக்கு இடையில் சுதந்திரமாக ஓட இருந்த தண்ணீர் குறைந்துவிட்டது. அதனால்தான் உலை 'பொளக்' என்கிறது.

காய்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டி உடனே கிண்டினால், ஒவ்வொரு மாவு உருண்டையின் வெளிப்புற மணிகள் முதலில் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தோல் போலாகிவிடும். உள்ளே தண்ணீர் போக வழியில்லை. பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு. கட்டி தட்டுவது என்பது இதுதான். அம்மா குத்திய குழி, தண்ணீர் எல்லாப் பக்கமும் நிதானமாகப் போகச் செய்த வழி.

மென்மையான துகள்கள் மிதக்கும் திரவம் எப்படி ஓடும் என்ற கேள்விக்கு உலகம் கணக்குப் போடத் தொடங்கியது துகள் கெட்டியாக இருக்கும் நிலையிலிருந்துதான். 1905-இல் ஐன்ஸ்டீன் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேடு சார்பியலைப் பற்றியது அல்ல. தண்ணீரில் சின்னக் கெட்டி உருண்டைகள் மிதந்தால் அதன் பாகுநிலை எவ்வளவு கூடும் என்பதும் அதில் ஒரு பகுதி. அவர் முதலில் எழுதிய கணக்கில் ஒரு பிழை இருந்தது. பிரான்சில் பெரினின் ஆய்வகத்தில் பாங்செலின் அளந்து பார்த்தபோது எண் ஒத்துப்போகவில்லை. ஐன்ஸ்டீன் கேட்டுக்கொண்டபடி ஹாப் என்ற இளைஞர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-இல் திருத்தம் வெளிவந்தது. கனஅளவில் நூற்றில் ஒரு பங்கு உருண்டைகள் சேர்ந்தால் பாகுநிலை நூற்றுக்கு 2.5 பங்கு கூடும் என்பது அந்தத் திருத்தத்துக்குப் பிறகு கிடைத்த எண். ஐன்ஸ்டீனையே அளவுகோல் திருத்தியது என்று வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மென்மையைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஜி.ஐ. டெய்லர். 1932-இல் கெட்டி உருண்டைக்குப் பதிலாக ஒரு திரவத்துளியை வைத்தார். மேலே சொன்ன 2.5 என்ற எண், துளி நெகிழ நெகிழக் குறைந்துகொண்டே போய், உள்ளே ஒன்றுமே இல்லாத காற்றுக்குமிழ் என்றால் 1-இல் வந்து நிற்கிறது. மென்மையான துகள் ஓட்டத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஓட்டம் இழுக்கும்போது துளி எவ்வளவு நீளும் என்பதையும் அவர் கணக்கிட்டார். இழுக்கும் விசைக்கும் துளியைத் துளியாக வைத்திருக்கும் மேற்பரப்பு விசைக்கும் உள்ள விகிதம்தான் அங்கே எஜமான். இன்றுவரை இந்தத் துறை அந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

இதெல்லாம் துகள்கள் கொஞ்சமாக, ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும் கதை. களியில் தொடாத துகளே கிடையாது.

ஒரு பானையில் ஒரே அளவுக் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். தாறுமாறாக நெருங்கி அமையும் குண்டுகள் பானையின் கனஅளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 64 பங்கை அடைத்துக்கொள்ளும், அதற்கு மேல் போகாது. அந்த எல்லையை நெருங்கும்போது குழம்பின் பாகுநிலை எல்லையில்லாமல் ஏறும் என்பதைத்தான் 1959-இல் கிரீகரும் டோகர்ட்டியும் ஒரு சமன்பாடாக எழுதினார்கள். பெயின்ட், சிமென்ட் குழம்பு போன்றவற்றுக்கு அது இன்றும் கைகொடுக்கிறது. களிக்குக் கொடுக்காது. உப்பிய கேழ்வரகு மணி கோலிக்குண்டு இல்லை. பக்கத்து மணி நெருக்கினால் அது தட்டையாகும், மூலை முளைக்கும், சந்தில் வழுக்கிப் போகும். 64 பங்கைத் தாண்டியும் பானை கிண்டுபடும், கை வலித்தாலும்.

நெதர்லாந்து ஆய்வாளர் ஸ்டீனெகன் 1989-இல் உப்பிய மாவுச்சத்து மணிகளை வைத்துச் செய்த ஆய்வைப் படித்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீர்த்த நிலையில் குழம்பின் பாகுநிலையைத் தீர்மானிப்பது மணிகள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்பது. நெருக்கமான நிலைக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு பின்னால் போய், ஒவ்வொரு மணியும் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அதாவது கூழுக்கு ஒரு கணக்கு, களிக்கு வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. என் அம்மாவின் துடுப்பு தினமும் அந்தக் கோட்டைக் கடந்தது. பானையின் ஓரத்தில் மோதும் சத்தம் நின்று மூச்சுச் சத்தம் தொடங்கும் இடம் அதுதான்.

அந்த மாணவிக்கான பதிலும் அங்கேதான் இருந்தது. நெருக்கமாக அமைந்த மென்துகள்களுக்கு ஒரு குறைந்தபட்ச விசை தேவை. அதற்குக் கீழே தள்ளினால் அவை நகராது, திடப்பொருள் போல நிற்கும். அதற்கு மேலே தள்ளினால் ஓடும், தள்ளும் வேகம் கூடக் கூட இளகியும் கொடுக்கும். 1926-இல் ஹெர்ஷலும் பல்க்லியும் எழுதிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. எங்கள் கண்ணாடிக் குழாயில் அந்தச் சின்னக் குண்டின் எடை குறைந்தபட்ச விசைக்குப் போதவில்லை. அதனால் நின்றது. தட்டில் வைத்த களி உருண்டை குழையாமல் உருண்டையாகவே நிற்பதற்கும் அதே காரணம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இதைப் படித்தால் நல்லது.

கைக்குத் தெரிந்த பதம் எண்ணாக மாறும் இதே கதை மாங்காயில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம், 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஒரே பெரிய மாந்தோப்பாக இருந்தது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் இன்றும் தோப்புகள் உண்டு. கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் சொல்லும் தோத்தாபுரிதான் முக்கிய ரகம். என் சிறு வயதில் அது வண்டியேறி மண்டிக்குப் போகும், மிஞ்சியது உப்பிலும் வெயிலிலும் கிடக்கும். வீட்டில் பழத்தைப் பிசைந்து சாறு செய்தால், கெட்டியா தண்ணியா என்று பார்ப்பது நாக்கு.

இன்று தோத்தாபுரியின் பெரும் போக்கிடம் கூழ் ஆலை. பழத்தைக் கழுவி, பழுக்க வைத்து, கொட்டை நீக்கி, சல்லடை உருளையில் பிழிந்து, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிரவைத்து, கிருமி புகாத பைகளில் அடைத்து, பீப்பாய்களில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மாங்கூழும் மென்துகள் திரவம்தான். இனிப்பு நீரில் மிதப்பவை பழச் சதையின் உயிரணுக்களும் அவற்றின் கிழிந்த சுவர்களும் நாரும். சல்லடைக் கண் சின்னதானால் துகள் சின்னதாகும், கூழின் ஓட்டம் மாறும்.

ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். சோதனை அறையில் எவர்சில்வர் தொட்டி ஒன்று, முழங்கை நீளம், அதன் அடிப்பரப்பில் சென்டிமீட்டர் கோடுகள். ஒரு முனையில் சிறிய அறை, அதற்கு ஒரு கதவு. அறையைக் கூழால் நிரப்பி, விசையைத் தட்டினால் கதவு சட்டென்று மேலே எழும்பும், கூழ் வழியும். 30 விநாடியில் எத்தனை சென்டிமீட்டர் ஓடியது என்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். பாஸ்ட்விக் அளவி என்று பெயர். வாங்குகிறவர் கேட்கும் எண்களில் இனிப்பின் பிரிக்ஸ் அளவுக்கும் புளிப்புக்கும் பக்கத்தில் இந்த எண்ணும் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த பெண், வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக, கதவைத் தட்டிவிட்டு விநாடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணை எழுதுவதற்கு முன்னால் கூழின் முன்விளிம்பைக் குனிந்து பார்த்தார். விளிம்பில் தெளிந்த நீர் தனியே பிரிந்து ஓடினால் எண் சரியாக இருந்தாலும் கூழ் சரியில்லையாம். நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

எண் எங்கே உயிர் காக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்கினேன். சூடான கூழ் ஒரு நீண்ட குழாய் வழியாகப் போகும், அந்தச் சூட்டில் இத்தனை விநாடி இருந்தால்தான் கிருமி சாகும். குழாயின் நடுவில் போகிற கூழ் ஓரத்தில் போவதைவிட வேகமாகப் போய்விடும். குழாயைவிட்டு முதலில் வெளியேறும் அந்தத் துளிக்கும் போதிய நேரம் கிடைக்க வேண்டும். தண்ணீர் போன்ற திரவம் சீராக ஓடினால் நடுவேகம் சராசரி வேகத்தைப் போல் இரண்டு மடங்கு. மாங்கூழ் தள்ளத் தள்ள இளகும் வகை, எவ்வளவு இளகும் என்பதைச் சொல்லும் அதன் ஓட்டக் குறியெண் 0.3-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணைப் போட்டால் நடுவேகம் சராசரியைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். இது தெரியாமல் தண்ணீர்க் கணக்கையே வைத்துக் குழாய் போட்டால் கூழை வேண்டாத நேரம் வேகவைத்து மணத்தையும் நிறத்தையும் இழக்க நேரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. குழாயில் ஓடும் துகள்கள் சுவரைவிட்டு நடுவுக்கு நகரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றும் பிரபு நாட், அமெரிக்காவின் ஜான் பிரேடியுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நகர்வைக் கணினியில் துகள் துகளாகப் பின்தொடர்ந்து, அதற்கு ஒரு கோட்பாடும் கொடுத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவை கெட்டித் துகள்கள். துகள் மென்மையாக இருந்தால் சுவர் அதைத் தள்ளிவிடும் போக்கு இன்னும் கூடும். சுவரோரம் மெல்லிய நீர்ப்படலம் மிஞ்சும், கூழ் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பாலக்கோட்டுத் தக்காளியில் செய்த சாஸும் பாட்டிலில் இப்படித்தான் வழுக்கும்.

இந்தக் கணக்குகளை மனிதனே போடும் காலம் போய்விட்டது. அன்றைக்கு டெய்லர் ஒரு துளியை எடுத்துக்கொண்டு காகிதத்தில் எழுதினார். இன்றைக்குக் கணினிக்குள் ஒவ்வொரு துகளையும் வலை பின்னிய பை போல வரைந்து, பையின் ஒவ்வொரு முடிச்சையும் திரவம் எப்படித் தள்ளுகிறது, பை திரும்ப எப்படித் திரவத்தைத் தள்ளுகிறது என்று நொடியை லட்சம் துண்டாக்கிக் கணக்கிடுகிறார்கள். இந்த வழிகளில் ஒன்றை 1972-இல் சார்லஸ் பெஸ்கின் தொடங்கி வைத்தது இதயத்தின் வால்வுகளைப் புரிந்துகொள்வதற்காக. இப்போது ஆயிரக்கணக்கான சிவப்பணுக்களை ஒரே குழாயில் ஓடவிட்டுப் பார்க்க முடிகிறது.

இரத்தத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நம் உடம்பில் ஓடுவதும் மென்துகள் திரவம்தானே. இரத்தத்தின் கனஅளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் சுமார் 8 மைக்ரான் அகலம், அதைவிடக் குறுகிய நாளங்களுக்குள்ளும் மடங்கி நுழைந்து வெளியே வந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஆய்வகத்தில் சிவப்பணுக்களை வேதிப்பொருளால் விறைக்க வைத்து அதே அளவில் மிதக்கவிட்டால் அந்தத் திரவம் ஓடவே திணறுகிறது. அரிவாளணு நோயில் உடம்புக்குள்ளேயே இது நடக்கிறது. ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டதும் அணு விறைத்து, அரிவாள் போல வளைந்து, சின்ன நாளங்களை அடைக்கிறது. தாங்க முடியாத வலி வரும். இந்த அணுவை இந்தியாவில் முதன்முதலில் பதிவு செய்தது நம் தமிழ்நாட்டு மலையில்தான். 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டார்கள். நாடு தழுவிய அரிவாளணு ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1-இல்தான் தொடங்கியது. இடையில் 71 ஆண்டுகள். மலைமக்களின் வலி தாழ்நாட்டுக் காதில் விழ இவ்வளவு காலம் பிடித்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேழ்வரகுக்கும் அப்படி ஒரு வனவாசம் இருந்தது. நான் படித்த காலத்தில் களி தின்பதைப் பள்ளியில் வெளியே சொல்ல மாட்டோம். அரிசிச் சோறு பண்டிகைக்கு, களி மற்ற நாளுக்கு. ரேஷன் அரிசி வீட்டுக்கு வீடு வந்ததும் துடுப்பு பரணுக்குப் போனது. 2023-இல் அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, வரிசையில் நின்று வாங்கிய கிழவிகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 2023-24 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்த ஆதரவு விலை 2025-26-க்கு 4,886 ஆகியிருக்கிறது. தானியம் திரும்பி வந்துவிட்டது. கிண்டத் தெரிந்த கைதான் குறைந்துபோயிருக்கிறது. என் மகளுக்குக் களி கிண்டத் தெரியாது. குக்கரில் மாவைக் கரைத்து ஊற்றி விசில் விட்டு எடுக்கிறாள். கட்டி தட்டாது, உண்மைதான். பச்சைத் தண்ணீரில் முதலில் மணிகளைப் பிரித்துவிட்டுச் சூடாக்குவதால் தோல் கட்ட இடமில்லை. அம்மாவுக்கு அந்தக் களியின் ருசி பிடிக்கவில்லை, ஆனால் முறையைக் குறை சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. கையைவிடத் தொண்டைதான் பெரிய பிரச்சினை. தண்ணீர் குடித்தால் இருமல், கஞ்சித் தெளிவைக் கொடுத்தால் புரை. நாங்கள் எங்களுக்குத் தெரிந்தபடி இன்னும் நீர்க்க நீர்க்கக் கரைத்துக் கொடுத்தோம், எளிதாக இறங்கட்டும் என்று. அது முற்றிலும் தவறு. நீர்த்த திரவம் ஓடும் வேகத்துக்குப் பலவீனமான தொண்டைத் தசை ஈடுகொடுக்க முடியாது. மூச்சுக்குழாய் மூடுவதற்குள் திரவம் அங்கே போய்விடும். நுரையீரலில் தொற்று வந்து, மருத்துவமனையில் ஒன்பது நாள் கிடந்த பிறகுதான் எங்களுக்கு இது புரிந்தது.

அங்கே விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண் பையிலிருந்து எடுத்தது ஒரு 10 மில்லி சிரிஞ்ச். ஊசி கிடையாது. "அம்மாவுக்கு என்ன கொடுக்கறீங்கண்ணா?" என்றார். "கேழ்வரகுக் கூழ்." "நல்லதுதான். எவ்வளவு கெட்டி?" என்னால் சொல்ல முடியவில்லை. இயற்பியல் ஆசிரியர் நான். தலைகுனிந்து நின்றேன். அவர் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, 10 கோடு வரை கூழை ஊற்றி, விரலை எடுத்து, சரியாகப் பத்து விநாடியில் திரும்ப அடைத்தார். உள்ளே மிச்சம் எவ்வளவு? 1 முதல் 4 மில்லிக்குள் என்றால் முதல் நிலை, 4 முதல் 8-க்குள் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் என்றால் மூன்று. ஒன்றும் வடியவில்லை என்றால் நான்கோ அதற்கு மேலோ. உலகம் முழுக்க ஒரே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். சிரிஞ்சில் 0 முதல் 10 வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மாறினால் எண் மாறும். யாருக்கு எந்த நிலை என்பதைச் சோதித்துப் பார்த்து அவர்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இரண்டாம் நிலை.

வீட்டுக்கு வந்தபின் நான் கற்றுக்கொண்டவை சில. கூழைக் குடிக்கப்போகும் சூட்டில்தான் அளக்க வேண்டும். ஆற ஆற, உப்பிய மணிகளிலிருந்து கசிந்த மாவுச்சத்து இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூழ் இறுகும். அடுப்பில் இரண்டாம் நிலை, அரைமணி கழித்து மூன்றாம் நிலை. வாயில் வைத்த கரண்டியைக் கிண்ணத்தில் திரும்ப விடக் கூடாது. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை வெட்டி, கூழைக் கண் முன்னாலேயே தண்ணீராக்கிவிடும். தவிட்டுத் துணுக்கு சிரிஞ்சின் முனையை அடைத்துப் பொய் எண் காட்டும், அம்மாவின் தொண்டையிலும் மாட்டும். அதனால் அரைத்து, துணியில் பிழிந்து, பால் எடுத்துக் காய்ச்சுகிறேன். எனக்கு ஆறு மாதத்தில் அம்மா செய்த அதே பக்குவம்.

முதல் வாரம் நான் காய்ச்சும்போது அம்மா சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தார். பேச்சு அப்போது சரியாக வரவில்லை. குமிழ் உடையும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இடது கையைத் தூக்கிப் போதும் என்று காட்டினார். இறக்கி, சூடு தணிந்ததும் சிரிஞ்சில் விட்டுப் பார்த்தேன். 6 மில்லி. நடு இரண்டாம் நிலை.

அம்மாவின் கைக்குள் இருந்த அறிவை நான் எழுதி வைத்ததே இல்லை. இப்போது ஒரு நோட்டில் எழுதுகிறேன்: எத்தனை கிராம் மாவு, எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம், எந்தச் சூடு, சிரிஞ்சில் எவ்வளவு மிச்சம். தருமபுரிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பாகுநிலை நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விளக்கெண்ணெய்க் குழாய் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் கூழையும் ஒரு சிரிஞ்சையும் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கூழைக் கொண்டுவந்து அளக்கட்டும், பாட்டி எப்படிப் பதம் பார்க்கிறார் என்று கேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதட்டும். குண்டு ஏன் பாதியில் நின்றது என்று யாராவது கேட்டால், என்னைப் போல மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

இன்று காலை 60 கிராம் மாவு, ஒரு லிட்டர் தண்ணீர். சிரிஞ்சில் 7 மில்லி நின்றது. அம்மா ஒரு டம்ளர் முழுக்க இருமாமல் குடித்தார்.